ஆறுதலாகப் பார்த்தல்: சமகாலக் கலை பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு சமகாலக் கலைப் படைப்பின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எல்லாரும் பத்து நிமிடம் பார்ப்போம். பிறகு கண்டதைக் குரல்பதிவாகவோ எழுத்தாகவோ பகிர்வோம். மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். தையல் செய்பவர், கமக்காரர், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து சேர்ந்த இரண்டு மூன்று உறவினர்கள்.

புதிதாக யார் சேர்ந்தாலும் அதே சந்தேகங்கள் வரும். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றைக் கீழே எழுதி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

"சமகாலக் கலை எண்டா என்ன ரீச்சர்? சித்திரப் பாடத்தில வாறதுதானே?"

பாடத்தில் சீகிரியா வரும், பொலநறுவை வரும், 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு' ஓவியர்கள் வருவார்கள். சமகாலக் கலை அதற்குப் பிந்தியது. எங்கள் காலத்து ஆட்கள் எங்கள் காலத்துப் பிரச்சினைகளை வைத்துச் செய்வது. இலங்கையில் இதைப் பெரும்பாலும் 1990களில் இருந்து கணக்கெடுப்பார்கள்.

கன்வஸும் சாயமும் இருந்தால்தான் கலை என்ற கணக்கு இங்கே இல்லை. துணி, கயிறு, மண், வீடியோ, பழைய கடிதம், எதுவும் வரலாம். இலங்கைக் கலைஞர் சந்திரகுப்த தேனுவர 1997இல் சோதனைச்சாவடிப் பரல்களை, அதாவது அங்கே மறிப்புக்கு வைத்த பீப்பாய்களை, எடுத்துப் படைப்பாக்கி, அதற்குப் 'பரலிசம்' என்று பெயர் வைத்தார். ஏ9 வீதியால் போய்வந்த எங்களுக்கு அந்தப் பரல் என்னவென்று ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சமகாலக் கலை தூரத்துச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பரல்களைத்தான்.

"ஆறுதலாப் பாருங்கோ எண்டு சொல்லுறியள். சும்மா பாக்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

நேரம்தான் வித்தியாசம். நியூயோர்க்கில் உள்ள மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் ஆட்கள் ஒரு படத்துக்கு முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். 2001இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சராசரி 27 விநாடி. பாதிப்பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை. 2017இல் சிக்காகோவில் திரும்ப அளந்தபோதும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான், ஆனால் அந்த நேரத்துக்குள் படத்தோடு நின்று செல்பி எடுப்பதும் சேர்ந்துவிட்டது. உலகத்தின் பெரிய ஓவியங்களுக்கு முன்னால் நேரில் நின்றே இந்த நிலை. போனில் பெருவிரலால் தள்ளிக்கொண்டு போகும்போது எத்தனை விநாடி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் மாதத்தில் உலகின் பல அருங்காட்சியகங்களில் ஆறுதலாகப் பார்க்கும் நாள் என்று ஒன்று நடக்கிறது. 2010இல் ஒழுங்காகத் தொடங்கியது. ஐந்து படைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், பிறகு சாப்பிட்டுக்கொண்டே அதைப்பற்றிக் கதைப்பது. அவ்வளவுதான் அதன் முறை. எங்களுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. காலமை வயலுக்குப் போகிற ஐயா வரம்பில் நின்று பயிரைப் பார்ப்பதைக் கவனியுங்கள். எந்தப் பாத்தி மஞ்சளடிக்கிறது, எங்கே தண்ணீர் நிற்கவில்லை என்று பார்த்து முடியுமட்டும் அவர் அசையமாட்டார். அந்தக் கண்ணைத்தான் படத்துக்கும் கேட்கிறோம்.

"பத்து நிமிசம் என்னத்தைப் பாக்கிறது? ரெண்டு நிமிசத்தில அலுத்துப்போகுது."

அலுக்கும். எனக்கும் மூன்றாம் நிமிடத்தில் அலுக்கிறது. அந்த இடத்தில் போனை வைத்துவிடாமல் இருந்தால் போதும், ஐந்தாம் ஆறாம் நிமிடத்தில் முதலில் காணாத ஏதோ ஒன்று தெரியத் தொடங்கும்.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கும் ஜெனிபர் றொபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே ஓவியத்துக்கு முன் மூன்று மணித்தியாலம் இருக்கச் சொல்பவர். தானும் அப்படி இருந்து பார்த்த ஒரு ஓவியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜோன் சிங்கிள்ற்றன் கொப்லி 1765இல் வரைந்த, பறக்கும் அணில் வைத்திருக்கும் பையன் படம் அது. பையனின் காது மடலும் அணிலின் வயிற்று மயிர் விளிம்பும் ஒரே வடிவம் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது நிமிடம் எடுத்திருக்கிறது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலமும் தண்ணீர்க் கிளாஸின் வாயகலமும் ஒன்று என்று தெரிய இருபத்தொரு நிமிடம். தொழிலே பார்ப்பதாக உள்ள ஒருவருக்கு இவ்வளவு நேரம் எடுக்கும் என்றால் எங்களுக்கு இரண்டு நிமிடத்தில் எப்படித் தெரியும்?

நாங்கள் கைக்கொள்ளும் சில வழிகள்: போனை பிளைட் மோடில் போடுங்கள். படத்தின் பாதியைக் கையால் மறைத்து மற்றப் பாதியை மட்டும் பாருங்கள். ஓரங்களைச் சுற்றி வாருங்கள், எல்லாரும் நடுவையே பார்க்கிறோம். வீட்டில் ஒருவரைக் கண்மூடி இருக்கச் சொல்லி, படத்தில் இருப்பதை அவருக்கு வாயால் சொல்லுங்கள். இந்தக் கடைசி வழியைப்போல ஒன்றும் வேலை செய்யாது. சொல்லத் தொடங்கினால்தான் நாங்கள் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று தெரியும்.

"எனக்குக் கலையைப்பற்றி ஒண்டுமே தெரியாது. நான் என்னத்தைச் சொல்லுறது?"

மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், போதும். இதில் என்ன நடக்கிறது? எதைக் கண்டு அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. இரண்டாவது கேள்விதான் இதன் உயிர். 'சோகமாக இருக்கிறது' என்றால் எந்த இடத்தைக் கண்டு அப்படித் தோன்றியது என்று விரலை வைத்துக் காட்டவேண்டும்.

எல் அனற்சுயி என்ற கலைஞரின் படைப்பு ஒன்றை ஒரு கிழமை அனுப்பினோம். 1944இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவில் நீண்ட காலம் வேலை செய்தவர். தூர நின்று பார்த்தால் சுவரில் பெரிய பட்டுச்சேலை ஒன்று மடிந்து தொங்குவது போல இருக்கும். நான் உட்பட எல்லாரும் துணி என்றுதான் சொன்னோம். ஒட்டுசுட்டானில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "இது நூல் ஓடின துணி இல்லை. துணி எண்டா மடிப்பு இப்பிடி முறிஞ்சு நிக்காது. துண்டு துண்டா வெட்டி மூலைகளில கம்பியால கட்டியிருக்கு" என்று குரல்பதிவு போட்டார். உண்மை அதுதான். சாராயப் போத்தல் மூடிகளைத் தட்டித் தகடாக்கி, செப்புக் கம்பியால் கோத்தது. கலை தெரியாது என்று மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்தவர் அவர். முப்பது வருடம் துணியைத் தொட்ட விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுவந்த வியாபாரச் சரக்கில் சாராயமும் ஒன்று, அடிமை வியாபாரத்திலும் அது கைமாறியது என்ற வரலாற்றை அதற்குப் பிறகுதான் கதைத்தோம்.

"தலைப்பையும் விளக்கத்தையும் முதலே தந்தா லேசுதானே?"

லேசுதான். ஆனால் விளக்கம் வாசித்த கண் விளக்கத்தில் உள்ளதை மட்டும் தேடும். கலைஞர் பெயர், வருடம், பொருள், அளவு, பின்னணி எல்லாம் திங்கட்கிழமை காலமை வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்கள் கண்ணுக்கு விடுங்கள். பின்னணி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன போத்தல் மூடிகளின் வரலாறு தெரியாமல் அந்தப் படைப்பு முழுசாக விளங்காது. ஒழுங்குதான் முக்கியம்.

"போனில பாத்திட்டுப் பாத்தனாங்கள் எண்டு சொல்லலாமோ? நேரில பாத்த மாதிரி வருமே?"

வராது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நிறம் போனுக்குப் போன் மாறும், மேற்பரப்பின் சொரசொரப்புத் தெரியாது, மணம் இல்லை, சுற்றி வர முடியாது. எல்லாவற்றையும்விட மோசமாக அடிபடுவது அளவு. மூன்று மாடி உயரப் படைப்பும் தபால் முத்திரை அளவுப் படைப்பும் போனில் ஒரே உள்ளங்கை அளவுதான். அதனால் திங்கட்கிழமை அளவு வந்தவுடன் வளவில் ஒரு தடியால் கீறிப் பார்க்கச் சொல்வோம்.

கொலம்பியக் கலைஞர் டோறிஸ் சல்செடோ 2007இல் லண்டன் ரேற் மொடேர்ன் அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்துச் சீமெந்து நிலத்தில் ஒரு வெடிப்பை உண்டாக்கினார். ஒரு முனையில் தலைமயிர் அளவில் தொடங்கி, போகப்போக அகன்று ஆழமாகும். நீளம் 167 மீற்றர். போனில் பார்த்தபோது பலர் "நிலம் வெடிச்சிருக்கு, கோடைக்கு எங்கட வயலும் இப்பிடித்தான்" என்றார்கள். அடுத்த கிழமை நாங்கள் எட்டுப் பேர் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் கூடி, 167 மீற்றரைக் காலடியால் அளந்து நடந்தோம். இருநூற்றுச் சொச்சம் காலடி வந்தது. தொடங்கிய இடத்தில் ஒரு பெடியன் சிவப்புத் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிந்த இடத்திலிருந்து பார்க்க அந்தத் துவாய் ஒரு பொட்டுப்போலத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வயல் வெடிப்பைப் பற்றிக் கதைக்கவில்லை.

அந்தப் படைப்பின் பெயர் 'ஷிபோலேத்'. வேதாகமத்தில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம் வாசித்தவர்களுக்குத் தெரியும்: ஆற்றுத் துறையில் ஆட்களை மறித்து அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்வார்கள், 'சிபோலேத்' என்று வாய் தவறினவனைக் கொல்வார்கள். கலவர காலத்தில் சிங்களச் சொல் ஒன்றை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்ட கதைகள் எங்கள் வீடுகளிலும் உண்டு. கண்காட்சி முடிந்ததும் வெடிப்பை நிரப்பிவிட்டார்கள், தழும்பு இன்னும் அந்த நிலத்தில் தெரிகிறது. லண்டனில் இருக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் போய் அந்தத் தழும்பின்மேல் செருப்புக்காலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். நேரில் பார்த்ததற்கு அது ஈடாகாது. ஆனாலும் குளக்கட்டில் நடந்த கால் எனக்கு மறக்கவில்லை.

"எங்கட பக்கம் சிக்னல் இல்லை, டேட்டாவும் காணாது. என்ன செய்யிறது?"

கிழமைக்கு ஒரு படம்தான். சந்திக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் சிக்னல் இல்லாமலே பார்க்கலாம். சொல்லப்போனால் அதுதான் நல்லது, இடையில் ஒன்றும் வந்து குழப்பாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி நுணுக்கம் போய்விடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே வரும். ஆகவே இரண்டு விதமாகவும் போடுகிறோம், டேட்டா குறைந்தவர்கள் சின்னதை எடுங்கள். குரல்பதிவை ஒரு நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கும் உதவி.

"இதை எங்கட சின்னவனும் செய்வானே! இது எப்பிடிக் கலையாகும்?"

அடிக்கடி வருவதில் முதல் இடம் இந்தக் கேள்விக்குத்தான். ஒன் கவாரா என்ற ஜப்பானியக் கலைஞரின் படம் போன கிழமை இந்தக் கேள்வியைக் கிளப்பியது. ஒரே நிறப் பின்னணி, அதில் வெள்ளை எழுத்தில் அன்றைய திகதி. வேறு ஒன்றும் இல்லை.

அவர் 1966 ஜனவரி 4ஆம் திகதி இதைத் தொடங்கினார். அச்சு வைக்காமல் கையால், பூச்சுக்குமேல் பூச்சாகப் பூசி எழுதுவது. அன்று நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். எந்த நாட்டில் இருக்கிறாரோ பெரும்பாலும் அந்த நாட்டு மொழியில் திகதி போடுவார். 2014இல் இறந்தார், அதுவரை செய்தது கிட்டத்தட்ட மூவாயிரம். சின்னவனால் ஒன்று செய்ய முடியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அதே ஒழுங்கில் ஒருவர் ஏன் செய்தார் என்று கேட்டுக்கொண்டு திரும்ப அந்தத் திகதியைப் பாருங்கள்.

இதே மனிதர் 1970 தொடக்கம் பல வருடங்களாக நண்பர்களுக்குத் தந்தி அனுப்பினார். தந்தியில் ஒரே வரி: நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். இதை அனுப்பிய சனிக்கிழமை குழுவில் நெடுநேரம் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா ஒரு படம் போட்டார். தொண்ணூறுகளில் பாதை பூட்டிக் கிடந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் ஊடாக வந்த துண்டுக் கடிதம். நாலாக மடித்த கோடுகளில் தாள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுநாடா மஞ்சளடித்திருக்கிறது. "எல்லாரும் சுகம். யோசிக்க வேண்டாம்" என்று நீலப் பேனையில் எழுதி, 'சுகம்' என்ற சொல்லின் கீழ் இரண்டு முறை அழுத்திக் கோடு போட்டிருக்கிறார் எழுதியவர். கவாராவின் தந்தியைப் பற்றி அன்று வந்த ஒரே பதில் அதுதான். இதற்குமேல் அந்தத் தந்தியை யாரும் விளங்கப்படுத்தியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

"எல்லாம் வெளிநாட்டான்ர படம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

இருக்கிறார்கள், நிறையவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூல் வடிவப் படைப்பு ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பைத் தலைப்பில் வைத்து, முடிவுறாத தோம்பு என்று பெயர். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறிக் கொடுக்க, அதைக் கட்டடக்கலைஞர் அளவாகத் திரும்ப வரைய, அதன்மேல் சனாதனன் தன் ஓவியத்தைச் செய்திருக்கிறார். முதல் தாளில் கை நடுங்கிக் கீறிய கிணறு. அடுத்த தாளில் அதே கிணறு வட்டாரி வைத்த வட்டம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்.

ஜஸ்மின் நிலானி ஜோசப் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்தவர். வேலிகளையும் விட்டுவந்த வீடுகளையும் பேனையால் நுணுக்கமாக வரைகிறார். மலையகத்துக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே பொருளாக எடுத்து வேலை செய்கிறார். 2019 டிசம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அங்கே குறிப்புகள் தமிழிலும் இருக்கின்றன. கொழும்புக்கு அலுவலாகப் போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ஒரே ஒரு படைப்பின் முன் இருந்துவிட்டு வாருங்கள்.

"சில படம் பழசெல்லாத்தையும் கிளறுது. நித்திரை வருதில்லை. பாக்காம விடலாமோ?"

விடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, குழுவில் ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள். சாவு, காணாமற்போதல், முகாம் சம்பந்தப்பட்ட படைப்பு என்றால் வெள்ளிக்கிழமையே ஒரு வரி போடுகிறோம். முள்ளியவளை அம்மாவின் கடிதம் தானாக வந்தது. 'உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ' என்று யாரையும் நாங்கள் வற்புறுத்தியதில்லை, வற்புறுத்தவும் கூடாது. ஒருவருடைய இழப்பு மற்றவர்களுக்கு ஓர் ஓவியத்தை விளங்கப்படுத்துவதற்காக இருப்பதல்ல.

நித்திரை இல்லாமல் நாட்கணக்காகப் போனால் அது படத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

"குறூப்பில என்ன எழுதோணும்? 'சூப்பர்' எண்டு போட்டாக் காணாதோ?"

சூப்பரும் கைகூப்பும் போட்டால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும், நீங்கள் கண்டது என்ன என்று தெரியாது. கண்ட ஒன்றை மட்டும் எழுதுங்கள். "இடப்பக்கம் கீழ் மூலையில் ஒரு செருப்புத்தான் இருக்கு, மற்றது இல்லை." இப்படி ஒரு வரி வந்தால் இருபது பேர் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். குழுவின் பயனே அதில்தான் இருக்கிறது: ஒருவர் கண்டது மற்றவர் கண்ணுக்குப் போவது.

"ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லீனம். எது சரி?"

எதைக் கண்டு அப்படிச் சொன்னீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு பேரும் படத்தில் இடம் காட்டினால் இரண்டும் நிற்கும். ஒருவர் காட்டமுடியாமல் நின்றால் அது அவருடைய சொந்த நினைவு. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் படத்தின்மேல் ஏற்றக்கூடாது. தகவல் வேறு விஷயம். போத்தல் மூடியை ஒருவர் துணி என்று திங்கட்கிழமைக்குப் பிறகும் சொன்னால் அது பிழைதான்.

"எனக்குப் பிடிக்கேல்லை எண்டு சொல்லலாமோ?"

தாராளமாக. பத்து நிமிடம் பார்த்த பிறகு.

"நெற்றில கிடைக்கிற படத்தை எடுத்துப் போடுறம். கேஸ் கீஸ் வராதோ?"

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளி உயிரோடு இருக்கும் காலமும் இறந்து 70 வருடமும் உரிமை அவருடையது. ஆகவே சமகாலக் கலை கிட்டத்தட்ட எல்லாமே உரிமை உள்ளது. நாங்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக் கதைக்கிற அளவில் நிற்கிறோம். முடிந்த இடத்தில் திங்கட்கிழமைத் தகவலோடு அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்துக்கு இணைப்பும் கொடுக்கிறோம். பனரில், ரீசேட்டில், கலண்டரில் அடிக்க வேண்டாம். வெட்டவும் வேண்டாம், ஓரத்தை வெட்டினால் கலைஞர் வைத்த ஓரம் போய்விடும். பெயர், வருடம், பொருள், அளவு நாலும் திங்கட்கிழமை கட்டாயம் போகவேண்டும்.

எங்கள் ஊர்க் கலைஞர் என்றால் நேரே கேளுங்கள். நான் கேட்டவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை, சிலர் நல்ல தெளிவான படம் தாங்களே அனுப்பினார்கள்.

"இப்ப கொம்பியூட்டரே படம் கீறுதாம். நீங்கள் அனுப்புறது உண்மையெண்டு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி, இந்த வருடம்தான் வரத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவில் செய்த படங்கள் 'உலகப் புகழ்பெற்ற சிற்பம்' என்ற பெயரில் சுற்றுகின்றன. மேலே சொன்ன நாலு தகவலும் இல்லாத படத்தை நாங்கள் எடுப்பதில்லை. கலைஞரின் பெயரையும் அருங்காட்சியகத்தையும் தனியாகத் தேடி அங்கேயும் அந்தப் படைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்புகிறோம்.

"கிளிநொச்சிச் சந்தியில இருக்கிற அந்த நினைவுச்சின்னத்தையும் இப்பிடிப் பாக்கலாமோ?"

பார்க்கலாம். போர் முடிந்த பிறகு இராணுவம் வைத்த வெற்றிச் சின்னம் அது. பொது இடத்தில் வைத்த எதுவும் பார்ப்பதற்காகத்தான் வைக்கப்பட்டது. எல்லாரையும் போல நானும் வருடக்கணக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஒருநாள் இறங்கி நின்று பார்த்தேன். சாம்பல் நிறச் சீமெந்துக் கட்டி. அதில் ஏறிநிற்கும் பெரிய எறிகணை. அது பட்ட இடத்திலிருந்து ஓடும் வெடிப்பு. உச்சியில் ஒரு தாமரை. கட்டி எது? எறிகணை யாருடையது? பூ யாருக்காகப் பூக்கிறது? இதைச் செய்யச் சொன்னவர்கள் ஒரு பதிலை வைத்திருப்பார்கள். சந்தியைக் கடந்து சந்தைக்குப் போகிற சனத்தின் பதில் வேறாக இருக்கும். வெடிப்பைக் கண்டபோது எனக்கு லண்டன் மண்டபத்து வெடிப்பு நினைவு வந்தது. அங்கே வெடித்தது பார்ப்பவர் நின்ற நிலம். இங்கே பார்ப்பவர் வெளியே நிற்கிறார்.

ஆனால் ஒன்று: இந்த வகைப் படங்களைப் பொதுவில் போடுமுன் உங்கள் வீட்டு நிலைமையை யோசியுங்கள். பார்ப்பதும் கொப்பியில் எழுதி வைப்பதும் போதும், எல்லாவற்றையும் பகிரவேண்டியதில்லை.

"எங்கட அப்புவுக்குக் கண் தெரியாது. ஆனா நாங்கள் கதைக்கேக்க பக்கத்தில வந்து இருக்கிறார். அவரையும் சேக்கலாமோ?"

சேர்க்கவேண்டும். அலுப்பைப் பற்றிச் சொன்ன இடத்தில், கண்மூடி இருப்பவருக்கு வாயால் சொல்வதைப்போல ஒன்றும் வேலை செய்யாது என்று எழுதியிருந்தேன். அதை நாங்கள் கற்றுக்கொண்டது இப்படி ஒருவரிடம்தான். மல்லாவியில் ஓர் ஐயா, எண்பதுக்கு மேல் வயது, பேத்தி சொல்லச் சொல்லக் கேட்பார். "எவ்வளவு உயரத்தில தொங்குது? என்ர தலைக்கு மேலயோ?" "வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பேத்தி போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பதில் சொல்வாள்.

போத்தல் மூடிப் படைப்பு வந்த கிழமை அவள் மூடிகளின் நிறம், கம்பி, மடிப்பு எல்லாம் சொல்லி முடித்தாள். ஐயா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தகடுதானே பிள்ளை, காத்தடிச்சா அது என்ன சத்தம் போடும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பேத்தி அப்படியே குழுவில் போட்டாள். தையல் கடை அக்கா தன் வீட்டுக் கோடியிலிருந்து சோடாப் போத்தல் மூடி பத்துப் பன்னிரண்டு பொறுக்கி, தட்டி, கம்பியில் கோத்து, யன்னலில் கட்டி, இரவு காற்று வந்தபோது அதைக் குரல்பதிவாக அனுப்பினார். நாற்பத்தொரு விநாடி. ஐயாவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்களாம்.